மேசியா வந்துவிட்டாரா? பார்சலோனா அரண்மனையில் நடந்த வாதம்

கேள்வி இது: "பழைய ஏற்பாடு முழுக்க மேசியாவைப் பற்றிய தீர்க்கதரிசனங்கள் இருக்கின்றன. அதே புத்தகத்தை மூலமொழியிலேயே வாசிக்கிற யூதர்கள் இயேசுவை ஏன் ஏற்கவில்லை? இரு தரப்பும் உட்கார்ந்து இதைப் பேசியதே இல்லையா?"

பேசாமல் என்ன? ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சில சமயம் வழிப்போக்கர்கள் போல நட்பாக, சில சமயம் ராஜாவின் முன்னால் கைகட்டி நின்று. அப்படி நடந்த வாதங்களில் ஒன்றை, 1263-ல் பார்சலோனாவில் நடந்ததை, கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன். ஏனென்றால் கேள்வியின் முதல் பாதிக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஆளைப் பற்றிய சண்டை போலத் தெரியும். கிட்டே போனால், அந்த ஆள் வந்து செய்ய வேண்டிய வேலை என்ன என்பதில்தான் சண்டை.

முதலில் வார்த்தை. எபிரெயத்தில் 'மாஷியாக்' என்றால் எண்ணெயால் அபிஷேகம் பண்ணப்பட்டவர், அவ்வளவுதான். அதன் கிரேக்க மொழிபெயர்ப்புதான் 'கிறிஸ்து'. சவுலும் தாவீதும் பிரதான ஆசாரியரும் அபிஷேகம் பெற்றவர்களே. ஏசாயா 45-ம் அதிகாரத்தின் முதல் வசனம், யூதரே அல்லாத பாரசீக மன்னன் கோரேசைக்கூட அந்தச் சொல்லால்தான் அழைக்கிறது. பாபிலோனிலிருந்து சிறைப்பட்டவர்களை விடுவித்தவன் என்பதால் அவனுக்கு அந்த மரியாதை. ஆக, எபிரெய வேதாகமத்தில் 'மேசியா' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் தேடி எடுத்தால் நாம் நினைக்கிற எதிர்கால இரட்சகர் அங்கே சுலபத்தில் கிடைக்கமாட்டார். தாவீதின் வம்சத்தில் ஒரு ராஜா எழும்புவார் என்ற நம்பிக்கை ஏசாயா, எரேமியா, எசேக்கியேல் புத்தகங்களில் இருக்கிறது. அந்த ராஜாவுக்கு 'மேசியா' என்ற பட்டப்பெயர் நிலைத்தது பிற்பாடுதான்.

இயேசு வாழ்ந்த காலத்திலும் எல்லா யூதருக்கும் ஒரே எதிர்பார்ப்பு இருந்ததில்லை. சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த சுருள்களில் ஒன்று 'ஆரோனின் மேசியாவும் இஸ்ரவேலின் மேசியாவும்' என்று இரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறது. ஒருவர் ஆசாரியர், இன்னொருவர் ராஜா. ரபிகள் என்னும் யூத போதகர்களின் சட்டங்களும் விளக்கங்களும் அடங்கிய பெருந்தொகுப்பான தல்மூதில் யோசேப்பின் குமாரனாகிய மேசியா என்று போரில் சாகப்போகிற ஒருவரும் வருகிறார், தாவீதின் குமாரன் தனியாக வருகிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு யூதர்கள் காத்திருந்தார்கள், இயேசு அதில் தேறினார் அல்லது தவறினார் என்று இரு தரப்பிலும் சிலர் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. பட்டியலே பிற்பாடு, பெருமளவு இந்தச் சண்டையின் வழியாகத்தான், இறுகியது.

அப்படி இறுகிய யூதப் பட்டியலை மைமோனிடிஸ் என்ற யூதச் சட்ட அறிஞர் 12-ம் நூற்றாண்டில் எகிப்தில் உட்கார்ந்து சட்டமாகவே எழுதிவைத்தார். தாவீதின் வம்சத்து ராஜா ஒருவர் எழும்பி, தோராவை, அதாவது மோசேயின் நியாயப்பிரமாணத்தை, கற்று, இஸ்ரவேலையும் அதன்படி நடக்கச் செய்து, கர்த்தருடைய யுத்தங்களை நடத்தினால் அவர் மேசியாவாக இருக்கலாம் என்று கொள்ளலாம். எருசலேம் ஆலயத்தை அதன் இடத்தில் கட்டி, சிதறிப்போனவர்களைக் கூட்டிச் சேர்த்துவிட்டால் நிச்சயமாக அவர்தான். அதற்குள் கொல்லப்பட்டால் அவர் அல்ல. அற்புதம் செய்து காட்ட வேண்டிய அவசியமில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணம் பார் கோக்பா.

இந்த பார் கோக்பா கதை தெரியாமல் யூதத் தரப்பைப் புரிந்துகொள்வது கஷ்டம். கி.பி. 132-ல் ரோமாபுரிக்கு எதிராகக் கிளம்பி மூன்று வருஷத்துக்கு மேல் யூதேயாவை ஆண்ட தலைவன் அவன். அந்தக் காலத்தின் மிகப் பெரிய ரபி ஆகிபா அவனைப் பார்த்து "இவரே ராஜாவாகிய மேசியா" என்றார். பக்கத்தில் இருந்த ரபி யோகனான் பென் தோர்த்தா சொன்ன பதிலை எருசலேம் தல்மூது அப்படியே வைத்திருக்கிறது: "ஆகிபா, உன் கன்னத்தில் புல் முளைக்கும், அப்போதும் தாவீதின் குமாரன் வந்திருக்கமாட்டார்." 135-ல் பெத்தார் கோட்டை விழுந்தது, பார் கோக்பா செத்தான், யூதேயா ரத்தக்காடானது. அதன்பிறகு ரபிகள் அவன் பெயரையே 'பொய்யன்' என்று பொருள்படும்படி திரித்து எழுதினார்கள். ஆகிபாவை மட்டும் யாரும் தள்ளிவைக்கவில்லை. ஒருவரைத் தவறாக மேசியா என்று நம்பிவிட்டது யூதக் கணக்கில் மன்னிக்க முடியாத குற்றமே இல்லை. செத்தபிறகும் விடாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் புரியாத விஷயம்.

இப்போது இந்தப் பக்கம் வாருங்கள். லூக்கா 24-ல் எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் இரண்டு சீஷர்கள் புலம்புகிறார்களே, "அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்" என்று. நம்பியிருந்தோம்! அந்த இறந்தகாலத்தில் இருப்பது அசல் யூத எதிர்பார்ப்புதான். செத்துப்போனார், ஆகவே அவர் இல்லை என்று மைமோனிடிஸ் எழுதப்போகிற முடிவுக்கு அவர்களும் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். அந்த முடிவைத் திருப்பிப் போட்டது உயிர்த்தெழுதல் நம்பிக்கை. திரும்பிய பிறகு வேதத்தை முதலிலிருந்து மறுபடி வாசிக்கிறார்கள். பாடுபடுகிற நீதிமான் வரும் பகுதிகளெல்லாம் பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கின்றன. நிறைவேறாத பகுதிகள், அதாவது யுத்தம் ஒழிவது, சிதறியவர்கள் திரும்புவது எல்லாம், இரண்டாம் வருகைக்குப் போகின்றன. கிறிஸ்தவரின் பார்வையில் இது வேதத்தின் முத்திரை உடைந்து உள்ளே இருப்பது தெரிவது. யூதரின் பார்வையில் அம்பை எய்துவிட்டு அது விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவது.

இந்த இரண்டு பார்வையும் நேருக்கு நேர் மோதிய பழைய பதிவு, 2-ம் நூற்றாண்டு நடுவில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ மெய்யியலாளர் திரிபோ என்ற யூதரோடு பேசியதாக எழுதிய உரையாடல். எழுதியது ஜஸ்டின் என்பதால் ஜஸ்டினே ஜெயிக்கிறார். ஆனாலும் திரிபோவைப் பொம்மையாக்கவில்லை. மேசியா பாடுபடுவார் என்பதைக்கூட ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்று நியாயப்பிரமாணம் சொல்லும்போது சிலுவையில் சாகும் மேசியாவை எப்படி ஏற்பது என்று திரிபோ கேட்கிறார். பவுல் 'யூதருக்கு இடறல்' என்று சொன்னது இதைத்தான். பேச்சு முடிந்ததும் இருவரும் நல்லபடியாகப் பிரிகிறார்கள். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஏக்கம் வரும். அடுத்து வந்த நூற்றாண்டுகளில் அந்த மாதிரிப் பிரிவு அபூர்வம்.

வசனங்களுக்கு வருகிறேன், எல்லாவற்றுக்கும் அல்ல. தமிழில் வேதம் வாசிப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்ல மூன்று வசனம் போதும்.

ஏசாயா 7:14. எபிரெயச் சொல் 'அல்மா', இளம்பெண். கி.மு. காலத்திலேயே யூதர்கள் கிரேக்கத்துக்கு மொழிபெயர்த்தபோது 'பார்த்தெனோஸ்', கன்னி, என்று போட்டார்கள். மத்தேயு அதை எடுத்தாள்கிறார். இது எசேக்கியா ராஜாவைப் பற்றியது என்று திரிபோ அன்றே ஜஸ்டினிடம் வாதாடினார். ஆகாஸ் ராஜா இரண்டு எதிரி ராஜாக்களுக்குப் பயந்து நிற்கும்போது, பிள்ளைக்கு விவரம் தெரியும் முன்னே அந்த ராஜாக்கள் போய்விடுவார்கள் என்று சொல்லப்படுகிற அடையாளம் எழுநூறு வருஷம் கழித்துப் பிறப்பவரைப் பற்றி எப்படி இருக்கும் என்பது யூதரின் கேள்வி. அன்றைக்கு ஒரு நிறைவேற்றமும் பிற்பாடு முழு நிறைவேற்றமும் உண்டு என்பது பல கிறிஸ்தவர்களின் பதில். நம் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு 'கன்னிகை' என்கிறது. கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து செய்த திருவிவிலியம் அதே இடத்தில் 'இளம்பெண்' என்கிறது, மத்தேயுவில் மட்டும் 'கன்னி'.

ஆதியாகமம் 49:10. 'ஷீலோ வருமளவும்' செங்கோல் யூதாவை விட்டு நீங்காது என்று எபிரெயம் சொல்கிறது. ஷீலோ என்பது ஆளா, ஊரா, 'அவனுக்கு உரியது' என்பதன் சுருக்கமா என்று இன்றும் முடிவாகவில்லை. பழைய தமிழ் வேதாகமமோ 'சமாதான கர்த்தர் வருமளவும்' என்று எழுதிவிட்டது. நூற்றாண்டுக் கணக்கில் நடக்கிற வாதம் தமிழ் வாசகனின் காதுக்கு எட்டும் முன்னே தீர்ப்பு எழுதப்பட்டாகிவிட்டது!

மூன்றாவது ஏசாயா 53. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் "மெய்யாகவே அவர் நம்முடைய பாடுகளை ஏற்றுக்கொண்டு" என்று வாசிக்கும்போது கோயிலே அமைதியாகிவிடும். சின்ன வயதில் அது வேறு யாரைப் பற்றியாவது இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. வராததற்கு ஒரு காரணம் 'அவர்' என்ற சொல். எபிரெயத்தில் மரியாதைப் பன்மை கிடையாது. 'ஹூ' என்பது அவன், அவர், அது எல்லாவற்றுக்கும் பொது. தமிழில் மொழிபெயர்ப்பவர் அவனா அவரா என்று தேர்ந்தே ஆகவேண்டும். 53-ல் கர்த்தருடைய தாசன் 'அவர்'. அதே ஏசாயா 42-ல், "கர்த்தருடைய ஊழியக்காரனையல்லாமல் அந்தகன் யார்" என்று அந்தத் தாசன் குருடன் என்று திட்டு வாங்கும்போது மரியாதை காணாமல் போகிறது. எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், 'ஏவெத்'. 41-ல் "என் தாசனாகிய இஸ்ரவேலே" என்று பெயர் சொல்லியே கூப்பிடுகிறதே, அப்படியானால் 53-லும் அடிபட்டு ஒடுங்கிய இஸ்ரவேல் ஜனம்தானே என்று யூதர் கேட்டால், தமிழ்க் காதுக்கு அந்தக் கேள்வி உறைக்கவே உறைக்காது.

யூதரிடையேயும் 53-க்கு ஒரே விளக்கம் இருந்ததில்லை. அரமேய மொழிபெயர்ப்பான தர்கூம் அங்கே தாசனை மேசியா என்றே சொல்கிறது, ஆனால் பாடுகளை அவரிடமிருந்து எடுத்து மற்றவர்கள் தலையில் போடுகிறது. 'இது சிதறிக்கிடக்கிற எங்கள் ஜனத்தைப் பற்றியது' என்று யூத அறிஞர்கள் தன்னிடம் சொன்னதாக 3-ம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியலாளர் ஓரிகன் எழுதியிருக்கிறார். ஆகவே 11-ம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி கிறிஸ்தவர்களுக்குப் பயந்து அந்த விளக்கத்தைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று சில பிரசங்கங்களில் கேட்பது சரியில்லை.

இனி பார்சலோனா.

1240-ல் பாரிஸில் ஒரு விசாரணை நடந்தது. கிறிஸ்தவராக மாறிய நிக்கோலா தோனின் என்பவர் தல்மூதின் மேல் குற்றம் சுமத்த, ரபி யெகியேல் பதில் சொல்ல, கடைசியில் வண்டி வண்டியாகத் தல்மூது பிரதிகளைக் கொளுத்தினார்கள். அப்போது பிரான்சை ஆண்ட ஒன்பதாம் லூயியின் கருத்து, யூதனோடு வாதாடுவது படித்த குருமாரின் வேலை, சாதாரண ஆள் வயிற்றில் வாளைத்தான் செருக வேண்டும் என்பது. பார்சலோனாவையும் ஆண்ட அரகோனின் ராஜா முதலாம் ஜாமே வேறு ரகம். அவருக்கு யூத அதிகாரிகள் தேவைப்பட்டார்கள், யூதரின் வரிப்பணமும் தேவைப்பட்டது. கூடவே வாதம் கேட்பதில் நிஜமாகவே ஆர்வமும் இருந்தது போலத் தெரிகிறது.

அவர் நாட்டில் தொமினிக்கன் சபைத் துறவிகள் புதிய உத்தி ஒன்றைக் கையில் எடுத்தார்கள். தல்மூதைக் கொளுத்துவதைவிட அதை வைத்தே இயேசுதான் மேசியா என்று நிரூபித்தால்? இதைச் செய்ய முன்வந்தவர் பாவ்லோ கிறிஸ்தியானி, யூதராகப் பிறந்து தொமினிக்கன் துறவியானவர். பின்னால் நின்றவர் ரைமுண்டோ தெ பெனியாஃபோர்த், திருச்சபைச் சட்டத்தைத் தொகுத்தவர், ராஜாவுக்கு மிக நெருக்கமானவர். எதிரில் நிறுத்தப்பட்டவர் ஜெரோனா நகர ரபி மோசே பென் நாக்மான். நாக்மானிடிஸ் என்றும் ரம்பான் என்றும் அறியப்படுபவர். தல்மூது விற்பன்னர், மருத்துவர், கபாலா மறைஞானி. அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

1263 ஜூலை 20, வெள்ளிக்கிழமை தொடங்கியது. இடைவெளி விட்டு நான்கு அமர்வுகள். நாக்மானிடிஸ் முதலில் கேட்டது பேச்சுச் சுதந்திரம். ராஜா தந்தார். கிறிஸ்தவத்தைப் பழிக்கக் கூடாது என்று பெனியாஃபோர்த் நிபந்தனை போட, எனக்கும் அந்த அளவுக்கு விவேகம் உண்டு என்றார் ரபி. இந்த விவரங்களில் பெரும்பாலானவை அவரே எழுதிய எபிரெயக் குறிப்பில் இருப்பவை. ராஜ முத்திரையோடு ஒரு லத்தீன் குறிப்பும் இருக்கிறது, மிகச் சுருக்கம். அதில் யூதர் பதில் சொல்ல முடியாமல் தோற்று, கடைசியில் ஊரைவிட்டே ஓடிவிட்டார். எபிரெயக் குறிப்பிலோ ஒவ்வொரு சுற்றிலும் ரபியே ஜெயிக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் உள்ளாட்சித் தேர்தலுக்கு மறுநாள் இரண்டு கட்சிப் பத்திரிகையையும் படித்த உணர்வு வரும்.

பாவ்லோவின் முதல் அம்புகளில் ஒன்று மித்ராஷ் கதை, அதாவது வேதத்துக்கு விளக்கமாக ரபிகள் சொன்ன கதை. ஒரு யூதன் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிறான், மாடு கதறுகிறது. வழியே போன அரபி ஒருவன் மாட்டின் குரலுக்குக் குறி சொல்கிறான்: ஏரை அவிழ்த்துவிடு, உங்கள் ஆலயம் இடிந்தது. மாடு மறுபடி கதறுகிறது: ஏரைப் பூட்டு, உங்கள் மேசியா பிறந்துவிட்டார். உங்கள் நூலே மேசியா கி.பி. 70-ல் பிறந்துவிட்டார் என்கிறதே, என்றார் பாவ்லோ. நாக்மானிடிஸ் இரண்டு விதமாகப் பதில் சொன்னார். முதலாவது, இந்தக் கதையை நான் நம்பவில்லை. வேதாகமத்தை முழுக்க நம்புகிறோம், சட்டத்துக்குத் தல்மூதை நம்புகிறோம், இந்த மித்ராஷ் ஆயர் செய்யும் பிரசங்கம் மாதிரி. நம்பினால் நல்லது, நம்பாவிட்டால் பாவமில்லை. இரண்டாவது, கதை உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் 'பிறந்தார்' என்றுதான் இருக்கிறது, 'வந்தார்' என்று இல்லை. மோசேயும் பிறந்த அன்றே விடுவிக்கவில்லை. பார்வோன் முன்னால் நின்று என் ஜனத்தைப் போகவிடு என்றபோதுதான் வந்தார். மேசியாவும் போப் முன்னால் போய் நின்று அதையே சொல்லும்போதுதான் வந்ததாக அர்த்தம். போதாததற்கு, இயேசு ஆலயம் இடிவதற்கு எழுபது வருஷத்துக்கும் முன்னால் பிறந்தவர் அல்லவா, கணக்கும் உதைக்கிறதே?

மித்ராஷை நம்பவில்லை என்று அவர் சொன்னது மனமறிந்தா, மாட்டிக்கொண்ட நேரத்துச் சாமர்த்தியமா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். மறைஞானியான அவர் தம் மற்ற நூல்களில் அந்தக் கதைகளை அவ்வளவு லேசாகத் தள்ளுவதில்லை. எனக்கென்னவோ பாதிக்குப் பாதி என்று தோன்றுகிறது.

பாவ்லோ அடுத்து எடுத்தது தல்மூதில் எனக்கு மிகப் பிடித்த கதை. ரபி யோசுவா பென் லேவி எலியாவிடம் மேசியா எப்போது வருவார் என்று கேட்கிறார். நீயே போய்க் கேள், ரோமாபுரியின் வாசலில் நோயாளிகளோடு உட்கார்ந்திருக்கிறார் என்கிறார் எலியா. எப்படி அடையாளம் தெரியும்? மற்றவர்கள் எல்லாக் கட்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்து மறுபடி கட்டுகிறார்கள். அவர் மட்டும் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கட்டுகிறார், திடீரென்று கூப்பிட்டால் தாமதமாகக் கூடாதே என்று. யோசுவா போய்க் கேட்கிறார். "இன்றைக்கு" என்று பதில் வருகிறது. அன்று அவர் வரவில்லை. எலியாவிடம் புகார் செய்தபோது, "இன்றைக்கு, அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களானால்" என்ற சங்கீத வசனத்தைத்தான் அவர் சொன்னார் என்று விளக்கம் கிடைக்கிறது. மேசியா ரோமாபுரியில் இருக்கிறார் என்று உங்கள் ரபிகளே சொல்கிறார்கள் பார்த்தீர்களா என்றார் பாவ்லோ. எப்போது வருவார் என்று கேட்கிறார்கள் என்றாலே வரவில்லை என்றுதானே அர்த்தம் என்றார் நாக்மானிடிஸ். சரி, இப்போது அவர் எங்கே என்று கேட்டபோது ரபிக்குக் குறும்பு வந்துவிட்டது: ஒரு ஓட்டக்காரனை அனுப்பிப் பாருங்கள், தொலேதோ நகர வாசலில் இருந்தாலும் இருப்பார்.

ஆனால் பாவ்லோவின் முழு உத்தியையும் அவர் அசைத்தது ஒரு சாதாரணக் கேள்வியால். தல்மூதை எழுதிய ரபிகள் இயேசுவுக்குப் பின்னால் வாழ்ந்தவர்கள். அவரே மேசியா என்று அவர்கள் அறிந்து எழுதியிருந்தால் பாவ்லோவைப் போல மாறியிருக்க வேண்டாமா? ஏன் யூதர்களாகவே வாழ்ந்து யூதர்களாகவே செத்தார்கள்?

ஏசாயா 53 வந்தபோது அவர் நிதானமாகவே பேசினார். நேர்ப்பொருளில் அது இஸ்ரவேல் ஜனத்தைப் பற்றியது. எங்கள் ரபிகள் சிலர் மேசியாவுக்குப் பொருத்திச் சொன்னதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எதிரிகள் கையில் அவர் கொல்லப்படுவார் என்று அவர்கள் எங்குமே சொல்லவில்லை. செங்கோல் வசனத்துக்கு, பாபிலோனில் எழுபது வருஷம் யூதாவுக்குச் செங்கோல் ஏது, ஆகவே வசனம் சொல்வது இடைவிடாத ஆட்சியை அல்ல, ஆட்சி உண்டானால் அது யூதா கோத்திரத்துக்கே உரியது என்பதைத்தான் என்றார்.

பிறகு ராஜாவை நோக்கித் திரும்பிச் சொன்னதுதான் இந்தக் குறிப்பு முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படுவது. நமக்குள் இருக்கும் வழக்கின் வேர் மேசியாவே இல்லை என்றார் அவர். அரசே, மேசியாவைவிட நீர் எனக்கு அதிகப் பிரயோசனமானவர். அவரும் ராஜா, நீரும் ராஜா. உமது ஆட்சியில், நாடுகடத்தப்பட்டு நிந்தைப்பட்டு நான் என் தெய்வத்தைச் சேவித்தால் எனக்குப் புண்ணியம் அதிகம். யூத ராஜாவின் கீழே தோராவைக் கைக்கொள்வதில் என்ன பெரிய சிறப்பு? பிரிவினை எங்கே என்றால், வானத்தையும் பூமியையும் படைத்தவர் ஒரு யூதப் பெண்ணின் வயிற்றில் வளர்ந்து பிறந்து, பிறகு எதிரிகளிடம் அகப்பட்டுச் செத்தார் என்று நீங்கள் சொல்வதில். அதை எங்கள் புத்தி ஏற்காது. நீர் பிறந்ததுமுதல் குருமார் அதைச் சொல்லிச் சொல்லி உம் எலும்புக்குள் ஏற்றியிருக்கிறார்கள், அதனால் உமக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்டார். மேசியா வந்தால் "ஜாதிக்கு விரோதமாய் ஜாதி பட்டயம் எடுப்பதில்லை" என்று இருக்கிறது. இயேசுவின் நாளிலிருந்து இன்றுவரை உலகம் முழுக்கக் கொள்ளையும் கொலையும்தான். மற்ற ஜாதிகளைவிடக் கிறிஸ்தவர்களே அதிக ரத்தம் சிந்துகிறார்கள். யுத்தத்தை இனிக் கற்கவே முடியாது என்று ஆனால், அரசே, உமக்கும் உம் வீரர்களுக்கும் எவ்வளவு கஷ்டம்! வலென்சியாவையும் மயோர்க்காவையும் வாளால் பிடித்த ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்ன வார்த்தை இது.

பார்சலோனா யூதர்களே பயந்துபோய் நிறுத்தச் சொன்னார்கள். நகரத்துப் பெரியவர்களும், ஒரு பிரான்சிஸ்கன் துறவியும்கூட, போதும் என்றார்கள். நான்காவது அமர்வோடு முடிந்தது. நியாயம் தன் பக்கம் இல்லாத ஒருவன் இவ்வளவு நன்றாக வாதாடி நான் கண்டதில்லை என்று ராஜா சொன்னதாக நாக்மானிடிஸ் எழுதுகிறார். எட்டு நாள் அங்கேயே தங்கினார், ஏனென்றால் ராஜாவும் துறவிகளும் ஓய்வுநாளில் யூத ஜெப ஆலயத்துக்கே வந்து பிரசங்கம் செய்யப்போவதாகச் செய்தி வந்தது. வந்தார்கள். பெனியாஃபோர்த் திரித்துவத்தைப் பற்றிப் பேச, மதுவுக்கு நிறம், சுவை, மணம் மூன்றும் இருந்தும் ஒரே பொருள்தானே என்று ராஜா உவமை சொன்னார். அவை மதுவில் இருக்கிற குணங்கள், தனித்தனியே பிரிந்தும் இருக்கக்கூடியவை என்று ரபி அதையும் விடவில்லை. விடைபெறும்போது ராஜா 300 நாணயம் கொடுத்தனுப்பினார்.

இதுவரை படித்தால் நல்ல கதை. அதே ஆகஸ்டில் வந்த அரச ஆணைகளின்படி யூதர்கள் துறவிகளின் பிரசங்கத்துக்கு வந்து உட்கார வேண்டும், தங்கள் நூல்களில் கிறிஸ்துவைப் பழிக்கிற பகுதிகளை நீக்கவேண்டும். 1265-ல் நாக்மானிடிஸின் குறிப்பே குற்றச்சாட்டானது. ஜெரோனா ஆயர் கேட்டதால்தான் எழுதிக்கொடுத்தேன், பேசவும் ராஜா அனுமதி தந்தார் என்றார் அவர். இரண்டு வருஷம் நாடுகடத்தலும் நூலைக் கொளுத்துவதும் போதும் என்று ராஜா நினைத்தார். துறவிகளுக்கு அது போதவில்லை. போப் நான்காம் கிளெமென்ட்டும் ராஜாவுக்கு எழுதி நெருக்கினார். எழுபது தாண்டிய ரபி குடும்பத்தை விட்டுவிட்டுக் கப்பலேறினார்.

ஒருபக்கமாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். நாக்மானிடிஸுக்கும் ஒரு பலவீனம் இருந்தது. 'கடைசிக் காலத்தைக் கணக்குப் போடுகிறவர்களின் எலும்பு உலர்ந்துபோகட்டும்' என்று தல்மூது சபித்திருந்தும், தானியேல் சொல்லும் 1290 நாளை வருஷமாக எடுத்துக்கொண்டு, ஆலயம் இடிந்ததிலிருந்து (யூத மரபுக் கணக்கில் அது கி.பி. 68) எண்ணி, இன்னும் 95 வருஷத்தில், அதாவது 1358-ல், மேசியா வருவார் என்று அந்தச் சபையிலேயே கணக்குச் சொன்னார். 1358 வந்தது, போனது. அதற்குப் பத்து வருஷம் முன்னால் கொள்ளைநோய் வந்து, யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்ற புரளியில் ஊர் ஊராகக் கொன்றார்கள்.

அதற்கும் பிறகு, 1391 படுகொலைகளின் பயம் ஆறாத நிலையில், 1413-14-ல் தொர்த்தோசாவில் 69 அமர்வுகள் நடந்த வாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. போப் பதவிக்கு உரிமை கோரிய பதின்மூன்றாம் பெனடிக்ட் தலைமை. எதிர்த்துப் பேச வந்த ரபிகளை மாதக்கணக்கில் ஊருக்குத் திரும்ப விடவில்லை. தலைவர்கள் இல்லாத ஊர்களில் மக்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பார்சலோனாவில் கேட்கவாவது ஒரு ராஜா இருந்தார்.

எல்லா யூத ஆசிரியர்களும் இயேசுவை வெறும் பொய்யர் என்று தள்ளிவிட்டுப் போகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொல்லப்பட்டவர் மேசியா அல்ல என்று எழுதிய அதே மைமோனிடிஸ், அதே பகுதியில், நசரேயரும் (இயேசு) அவருக்குப் பின் வந்த இஸ்மவேலரும் (முகமது நபி) செய்ததெல்லாம் ராஜாவாகிய மேசியாவுக்கு வழியைச் செம்மைப்படுத்தவே, அவர்களால்தான் தோராவும் மேசியாவும் தூரத் தீவுகளிலும் பேச்சாகியிருக்கின்றன என்கிறார். தணிக்கையில் இந்தப் பத்தி நீண்ட காலம் அச்சுப் பிரதிகளில் இல்லாமலே இருந்தது. கிறிஸ்தவப் பக்கத்தில், 2001-ல் வத்திக்கானின் விவிலியக் குழு வெளியிட்ட ஆவணம், மேசியாவுக்காக யூதர் காத்திருப்பது வீணல்ல என்று எழுதியது. 1263-ல் இதைச் சொல்லியிருந்தால் சொன்னவரைக் கொளுத்தியிருப்பார்கள்.

1933 ஜனவரியில், ஹிட்லர் பதவிக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்னால், ஸ்டுட்கார்ட்டில் யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபர், கார்ல் லுட்விக் ஷ்மிட் என்ற புராட்டஸ்டண்ட் இறையியலாளரோடு பொதுமேடையில் பேசினார். உலகம் இன்னும் மீட்கப்படவில்லை என்பதை நாங்கள் எங்கள் உடம்பிலேயே உணர்கிறோம் என்ற பொருளில் பூபர் சொன்னதும், யுத்தம் நிற்கவில்லையே என்று நாக்மானிடிஸ் ராஜாவைப் பார்த்துக் கேட்டதும் ஒன்றேதான். அதற்குக் கிறிஸ்தவர் சொல்லும் பதிலும் மாறவில்லை: மீட்பு தொடங்கிவிட்டது, முடிவு வருகிறது. கேட்டவர் 'யார்' என்று கேட்டார். யூதரும் கிறிஸ்தவரும் 'என்ன ஆகியிருக்க வேண்டும்' என்பதிலேயே பார்சலோனா முதல் எழுநூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக நிற்கிறார்கள்.

கப்பலேறிய நாக்மானிடிஸ் 1267-ல் எருசலேமைச் சேர்ந்தார். மங்கோலியர் படையெடுப்பின் அழிவு இன்னும் மாறவில்லை. மகனுக்கு எழுதிய கடிதத்தில், இங்கே யூதர் என்று இருப்பது சாயம் தோய்க்கும் இரண்டு சகோதரர்கள் மட்டுமே, ஓய்வுநாளில் அவர்கள் வீட்டில் ஜெபத்துக்குத் தேவையான பத்துப் பேர் கூடிவிடுகிறார்கள் என்கிறார். சிதைந்துபோன ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார்கள், பளிங்குத் தூண்களும் அழகான குவிமாடமும் மிச்சமிருந்த வீடு. அதைச் செப்பனிட்டு ஜெப ஆலயமாக்கினார்கள். படையெடுப்புக்குப் பயந்து சீகேமுக்குக் கொண்டுபோயிருந்த தோரா சுருள்களைத் திரும்பக் கொண்டுவர ஆள் அனுப்பினார்கள்.